உயிரணுக்களில் பரம்பரைக் காரணிகளின் பங்குக் கணக்கு

பயிரானாலும் கால்நடையானாலும், தாய் தந்தையரின் குணங்கள் சந்ததிக்கு இறங்குகின்றன என்பது குடியானவர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம். இன்ன குணம் இறங்கியதா, இல்லையா என்று பார்ப்பதே வழக்கம். அக்குணத்துக்குரிய காரணி எத்தனை பங்கு இறங்கியது என்று கேட்போர் சிலரே. எரு நல்லதாயிருந்தும் அளவு மிஞ்சினால் பயிர் சாய்ந்து போகிறது. குறைந்தால் வெளுத்துப் போகிறது. பரம்பரைக் காரணிகளின் விஷயமும் இத்தகையதே. உயிரணுவானது இக்காரணிகளின் ஏற்றக்குறைவை எவ்விதம் சரிக்கட்டிக் கொள்கிறது, எவ்விடத்தில் சரிக்கட்டாமல் விட்டுவிடுகிறது என்பதைச் சாஸ்திரிகள் சுமார் ஒரு நூற்றாண்டாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். கோழிக்குஞ்சு வாங்குவோர், மக்காச்சோளம் விதைப்போர், பொலிகாளை வைத்திருப்போர் ஆகியோருக்கு இவ்வாராய்ச்சியால் விளைந்த பலன் சிறிதன்று.

உயிருள்ள உடல் யாவும் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் நூலிழை போன்ற குரோமோஸோம்கள் உள்ளன. நெல்லுக்கு 24, மக்காச்சோளத்துக்கு 20, பசுவுக்கு 60, கோழிக்கு 78, மனிதருக்கு 46 என்று ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு தொகை உண்டு. இவை ஜோடி ஜோடியாக இருப்பவை. ஜோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. குரோமோஸோமைக் கிராமக் கணக்குக் கட்டு ஒன்றுக்கு ஒப்பிட்டால், அதில் அடுக்கியுள்ள தனித்தனி ஏடுகளே ஜீன்கள் எனப்படும் காரணிகள். ஒவ்வோர் ஏட்டிலும் ஒரு குறிப்பிட்ட சரக்கைச் செய்வதற்கான உத்தரவு எழுதப்பட்டிருக்கிறது. ஒரே உத்தரவுக்கு இரண்டு பிரதிகள் இருப்பதால், பொதுவாக இரண்டு பங்கு சரக்கு உண்டாகிறது. பிரதி ஒன்றானால் சரக்கு பாதியாகும். மூன்றானால் ஒன்றரை மடங்காகும். சரிக்கட்டும் ஏற்பாடு வேறு எதுவும் இல்லாவிடில் கணக்கு இப்படித்தான் போகும்.

இக்கணக்கு சற்றும் பிசகாமல் நடப்பதற்கு மஞ்சள் மக்காச்சோளம் நல்ல உதாரணம். மக்காச்சோள மணியின் மாவுப் பகுதி மற்ற உறுப்புகளைப் போல இரு பங்கால் ஆனதன்று. அதற்குத் தாய்ச்செடி இரண்டு பங்கும், மகரந்தம் ஒரு பங்கும் தருகின்றன. ஆகையால் மஞ்சள் நிறத்துக்குரிய காரணி அம்மணியில் ஒன்றும் இல்லாமலிருக்கலாம்; ஒன்றோ, இரண்டோ, மூன்றோ இருக்கலாம். மஞ்சள் நிறப்பொருளின் ஒரு பகுதி உண்பவர் உடலில் ஏ வைட்டமினாக மாறுவது. 1931ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள டெக்ஸாஸ் நாட்டில் மாங்கெல்ஸ்டார்ஃப், ஃப்ராப்ஸ் என்னும் இருவர் இந்நான்கு வகை மணிகளையும் பரிசோதித்து, ஒரு கிராம் மணியில் உள்ள வைட்டமினை அளந்தனர். காரணி இல்லாத வெள்ளை மணியில் 0.05 அலகே இருந்தது. ஒரு பங்கு இருந்ததில் 2.25, இரு பங்கில் 5.00, மூன்று பங்கில் 7.50 என்று படிப்படியாக ஏறியது. இங்கு உயிரணு எதையும் சரிக்கட்டவில்லை. எத்தனை பங்கோ அத்தனை சரக்கு.

கோழித் தீனிக்காக மஞ்சள் மக்காச்சோளம் பயிரிடுவோர் இதைக் கவனித்தல் வேண்டும். பக்கத்து வயலில் வெள்ளை மக்காச்சோளம் பூத்திருந்தால், அதன் மகரந்தம் விழுந்த மஞ்சள் கதிரின் மணிகள் மூன்று பங்குக்குப் பதிலாக இரு பங்கே பெறும். நிறம் சற்று வெளிறுமே தவிர மஞ்சளாகவே தோன்றும். ஆனால் மேற்கண்ட கணக்குப்படி வைட்டமினில் மூன்றில் ஒரு பாகம் அந்த அறுவடையிலேயே போய்விடும். அடுத்த தலைமுறை வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, பங்கு வித்தியாசம் இயற்கையாகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஏற்படுகிற இடம் ஒன்று உண்டு. அது ஆண் பெண் பேதம். பசு, ஆடு, குதிரை, மனிதர் ஆகிய பாலூட்டிகளில் பெண்ணுக்கு எக்ஸ் என்னும் குரோமோஸோம் இரண்டு உண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்றும், ஒய் என்னும் சிறிய குரோமோஸோம் ஒன்றுமே உண்டு. எக்ஸ் குரோமோஸோமில் இருப்பவை பெரும்பாலும் ஆண் பெண் தன்மையோடு சம்பந்தமில்லாத காரணிகள். இரத்தம் உறைதல், கண் பார்வை, தசை வளர்ச்சி முதலிய பொதுக் காரியங்களுக்குரியவை. மனிதரில் அவை 800க்கு மேற்பட்டவை. இவ்வளவிலும் ஆணுக்குப் பாதிப் பங்கே என்றால், ஆண் நலிந்துபோக வேண்டும். அல்லது பெண்ணுக்கு மிகுதியால் கேடு வரவேண்டும். இரண்டும் நிகழ்வதில்லை என்பது கண்கூடு. ஆகவே எங்கேயோ கணக்கு நேர் செய்யப்படுகிறது.

இதை முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ஹெர்மன் முல்லர் என்னும் அமெரிக்கச் சாஸ்திரி. பழத்தை மொய்க்கும் சிறு ஈயிலும் பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. கண்ணின் சிவப்பைக் குறைத்து மங்கலாக்கும் காரணி ஒன்று அந்த எக்ஸில் உள்ளது. 1930ஐ அடுத்த வருஷங்களில் முல்லர் கவனித்தது யாதெனில், ஒரு பங்குள்ள ஆண் ஈயின் கண்ணும், இரு பங்குள்ள பெண் ஈயின் கண்ணும் ஏறக்குறைய ஒரே நிறமாயிருந்தன. ஆனால் ஒரு பெண் ஈயில் ஒரு பங்கை நீக்கிப் பார்த்தால் நிறம் வெளுத்தது. ஓர் ஆண் ஈயில் ஒரு பங்கைக் கூட்டிப் பார்த்தால் நிறம் அழுத்தமாயிற்று. பங்கு பலனளிப்பது உண்மை. எனினும் இயல்பான ஆணும் இயல்பான பெண்ணும் சமநிலையில் நிற்கின்றன. முல்லர் இதற்குப் பங்கு ஈடுசெய்தல் என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

ஈடு எவ்விதம் செய்யப்படுகிறது என்பதற்கு விடை 1965ஆம் வருஷத்தில் கிடைத்தது. வங்காளத்தைச் சேர்ந்த ஏ. எஸ். முகர்ஜியும், ஜெர்மானியரான பேயர்மனும் இந்த ஈயின் புழுவிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியைப் பரிசோதித்தனர். ஆணின் ஒற்றை எக்ஸ், பெண்ணின் இரண்டு எக்ஸ்களும் சேர்ந்து செய்யும் அளவுக்குச் சமமாக வேலை செய்வது தெரிந்தது. ஒற்றை மாடு பூட்டிய வண்டி இரட்டை மாட்டுப் பாரத்தை இழுப்பதற்கு ஒப்பாகும் இது. ஆண் ஈயில் மட்டும் சில புரதங்கள் கூடி, எக்ஸ் குரோமோஸோமின் மேல் அமர்ந்து அதனை முடுக்கி விடுகின்றன என்று பின்னர் விளங்கிற்று. அப்புரதங்கள் கெட்டுப்போனால் ஆண் புழுக்கள் மடிகின்றன. பெண் புழுக்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

பாலூட்டிகள் கையாளும் வழி இதற்கு நேர்மாறானது. 1949ஆம் வருஷத்தில் கனடாவில் மர்ரே பார், எவார்ட் பெர்ட்ரம் என்னும் இருவர், பெண் பூனையின் நரம்பணுக்களில் ஒரு கரிய புள்ளி காணப்படுவதையும், ஆண் பூனையில் அது இல்லாமையையும் கண்டனர். அப்புள்ளி சுருண்டு கிடக்கும் ஓர் எக்ஸ் குரோமோஸோமே என்பதை 1959ஐ ஒட்டி சுசுமு ஓனோ காட்டினார். 1961ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் மேரி லயன் என்னும் அம்மையார், பெண் கருவின் மிக இளம் பருவத்தில் ஒவ்வோர் உயிரணுவும் தன் இரண்டு எக்ஸ்களில் ஒன்றை உறங்கச் செய்துவிடுகிறது என்று நிலைநாட்டினார். எது உறங்குவது என்பது ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதன்று. ஓரணுவில் தாய் தந்த எக்ஸ் உறங்கும். அடுத்ததில் தந்தை தந்தது உறங்கும். ஆனால் ஓர் அணு ஒருமுறை தேர்ந்துகொண்டதை அதன் வழியில் வரும் அணுக்கள் யாவும் மாற்றாமல் பின்பற்றும்.

கருமையும் செம்மையும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனைகள் பெரும்பாலும் பெட்டைகளாகவே இருப்பதன் காரணம் இதுவே. செந்நிறக் காரணி எக்ஸ் குரோமோஸோமில் உள்ளது. ஒரு திட்டில் அக்காரணியுள்ள எக்ஸ் விழித்திருக்கிறது. மறு திட்டில் அது உறங்குகிறது. அபூர்வமாய்ப் பிறக்கும் இந்நிறக் கடுவன் பூனை இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் உடையதாய் இருப்பதே வழக்கம். அது குட்டி உண்டாக்குவதில்லை. மாடுகளிலும் இத்திட்டு முறை புலப்பட்டதுண்டு. 1953ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் சில ஹோல்ஸ்டீன் பசுக்களின் உடலில் மேலிருந்து கீழாக ரோமமற்ற கோடுகள் காணப்பட்டன. எக்ஸில் உள்ள பழுதுபட்ட காரணி ஒன்றே இதற்குக் காரணம். பழுதான எக்ஸ் விழித்திருந்த அணு வரிசைகளில் ரோமம் முளைக்கவில்லை. வேறு எக்ஸ் இல்லாத காளைக் கன்றுகளோ கருவிலேயே மாண்டன. பசுவுக்கு அழகுக் குறைவாக நின்ற குற்றம், கன்றுக்கு உயிர்க் குற்றமாயிற்று.

உறங்கும் எக்ஸ் முற்றும் உறங்குவதில்லை என்பதும் அறியத்தக்கது. அதிலுள்ள காரணிகளில் ஒரு சிறு பகுதி விழித்தே இருக்கிறது. ஒரே எக்ஸோடு, 64க்குப் பதிலாக 63 குரோமோஸோம்களுடன் பிறக்கும் பெண் குதிரை பார்வைக்குப் பெரும்பாலும் சற்றுச் சிறுத்திருக்குமே தவிர வேறு குறை தெரியாது. ஆனால் அது சினைப்படுவதில்லை. இத்தகைய குதிரைக்கு மருந்தும் மந்திரமும் செய்து பணத்தைச் செலவிடுவது வீண்.

வேறு சில ஜீவன்கள் இரு எக்ஸ்களின் வேலையையும் பாதியாகத் தணித்துக் கொள்கின்றன. மண்ணில் வாழும் ஒருவகை நுண்புழு அப்படிப்பட்டது. பட்டுப்பூச்சியில் குரோமோஸோம் ஏற்பாடே தலைகீழானது. அங்கு ஆணுக்கே ஒத்த ஜோடி. அதற்கு இஸட் என்று பெயர். பெண்ணுக்கு இஸட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும் உண்டு. ஆண் பட்டுப்புழு தன் இரண்டு இஸட்களையும் தணித்து வைக்கிறது. அவ்வாறு தணிக்கும் காரணி ஒன்றை ஜப்பானியச் சாஸ்திரிகள் 2014ஆம் வருஷத்தில் கண்டுபிடித்தனர். அதை முடக்கினால் ஆண் கருக்கள், இஸட் சரக்கு மிகுந்து, முட்டையிலேயே அழிகின்றன. மக்காச்சோளத் தண்டைத் துளைக்கும் ஆசியப் புழு ஒன்றின் உடலில் வாழும் ஒரு நுண்ணுயிரும் இதே காரணியைக் கெடுத்து ஆண்களைக் கொல்கிறது. குடியானவனுக்கு விரோதியான புழுவுக்கும் உள்ளே ஒரு விரோதி இருக்கிறது என்பது வேடிக்கையே.

கோழி வளர்ப்போருக்கு மிகுந்த பயன் தருவது பறவைகளின் விஷயம். கோழியிலும் சேவலுக்கு இரண்டு இஸட், பெட்டைக்கு ஒன்று. ஆனால் பாலூட்டிகளைப் போல ஒரு முழுக் குரோமோஸோமை உறங்கச் செய்யும் வழக்கம் கோழிக்கு இல்லை. 2007ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சிகளின்படி, சேவலில் இஸட் காரணிகளின் வேலை பெட்டையிலுள்ளதற்கு இரு மடங்கும் இல்லை, சமமும் இல்லை, இரண்டுக்கும் இடைப்பட்டது. சில காரணிகள் ஈடு செய்யப்படுகின்றன, பல செய்யப்படுவதில்லை. இதைக் குறையென்று கொள்ளலாகாது. சேவலாவதா பெட்டையாவதா என்பதையே இஸட்டிலுள்ள ஒரு காரணியின் பங்குதான் தீர்மானிக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் 2009ஆம் வருஷத்தில் நிரூபிக்கப்பட்டது. சேவலாக வேண்டிய கருவில் அக்காரணியின் வேலையைக் குறைத்தபோது, விதைகள் பெட்டைச் சினைப்பையின் ஜாடையில் வளரலாயின. எல்லாவற்றையும் சமமாக்கியிருந்தால் சேவலே பிறவாது.

ஈடு செய்யப்படாத காரணிகளுள் சிறகில் வெள்ளை வரி இடும் காரணி ஒன்று. பிளிமத் ராக் என்னும் ஜாதியில் கறுப்புச் சிறகின் குறுக்கே வெள்ளை வரிகள் இருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அதில் சேவல் எப்போதும் பெட்டையைவிட வெளிறியிருக்கும். வரிக் காரணி சேவலில் இரண்டு, பெட்டையில் ஒன்று. இரு பங்கால் வெள்ளை வரி அகலமாகிறது. ஒருநாள் குஞ்சிலும் இவ்வித்தியாசம் தெரியும். ஆண் குஞ்சின் தலையிலுள்ள வெள்ளைப் புள்ளி பெரியது, ஓரம் கலைந்தது. பெண் குஞ்சின் புள்ளி சிறியது, ஒடுங்கியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பன்னெட், பீஸ் என்னும் இருவர் 1920களின் இறுதியில் இந்த ஒரு வித்தியாசத்தையே ஆதாரமாக வைத்து, பொரித்த அன்றே ஆண் பெண் தெரியக்கூடிய கேம்பார் என்னும் ஜாதியை உண்டாக்கினர். பழுப்புக் கோடுள்ள குஞ்சில் ஒரு பங்கு வரிக்காரணி கோடுகளைச் சற்றே மங்கச் செய்யும். இரு பங்கு பெரிதும் அழித்துவிடும். அவர்கள் சாதித்தது இவ்வளவே. ஆயினும் கோழி வியாபாரத்துக்கு இது பெரிய சாதனை.

கிராமத்தில் எளிதாகச் செய்யக்கூடியது வேறொரு கலப்பு. வரியில்லாத சேவலை, உதாரணமாகச் செந்நிற ரோட் ஐலண்ட் ரெட் சேவலை, வரியுள்ள பிளிமத் ராக் பெட்டைகளோடு சேர்த்தால், பெட்டையின் ஒற்றை இஸட் ஆண் குஞ்சுகளுக்கே போகும். ஆகவே ஆண் குஞ்சுகள் எல்லாம் தலையில் வெள்ளைப் புள்ளியுடன் பொரிந்து, பின்னர் வரிச் சிறகு பெறும். பெண் குஞ்சுகள் புள்ளியின்றிக் கருமையாயிருக்கும். முட்டைக்காகப் பெட்டைகளை மட்டும் வளர்ப்போர் அன்றே பிரித்துவிட்டால், சேவல்களுக்கு இரண்டு மாதம் போடும் தீனி மிச்சம். கலப்பைத் திருப்பிச் செய்தால், அதாவது வரிச்சேவலைச் செம்பெட்டையோடு சேர்த்தால், ஆண் பெண் இரண்டும் ஒரு பங்கே பெறும். எல்லாக் குஞ்சும் புள்ளியோடு பொரியும், பிரிக்க வழியிராது. கலப்பில் பிறந்தவற்றை ஒன்றோடொன்று சேர்த்து வளர்ப்பதும் பயனற்றது. அவற்றின் குஞ்சுகளில் வரியும் வரியின்மையும் இரு பாலிலும் கலந்து வரும். எனவே ஒவ்வொரு முறையும் இரண்டு தூய ஜாதிகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

இதுவரை கூறியது ஆண் பெண் குரோமோஸோம்களைப் பற்றியது. மற்றக் குரோமோஸோம்களில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நேர்வது என்ன? அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ என்பவர் ஊமத்தை இனத்துச் செடி ஒன்றில் 1920ஐ ஒட்டித் தொடங்கிய ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. அச்செடிக்குக் குரோமோஸோம் 24. அதாவது 12 ஜோடி. ஏதேனும் ஒரு ஜோடியில் ஒன்று கூடி 25 ஆன செடிகளை அவர் கண்டெடுத்தார். எந்த ஜோடியில் கூடியதோ அதற்கேற்பக் காயின் உருவம் மாறிற்று. ஒன்றில் காய் உருண்டை, மற்றொன்றில் நீளம், வேறொன்றில் சிறுத்து முள் நிறைந்தது. இப்படிப் 12 வகை. ஆனால் எல்லா ஜோடியிலும் ஒவ்வொன்று கூடி 36 ஆன செடியும், இரட்டித்து 48 ஆன செடியும் அவ்வளவாக உருக்குலையவில்லை. ஒன்று கூடினால் பெருங்கேடு, 12 கூடினால் சிறு மாறுதல். இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் சுண்ணாம்பும் மணலும் சேர்த்துக் காரை குழைப்பவருக்கு இது விளங்கும். இரண்டையும் இரட்டித்தால் காரை அதிகமாகுமேயன்றிக் கெடாது. மணலை மட்டும் கூட்டினால் சுவர் நிற்காது. உயிரணுவின் சரக்குகளும் ஒன்றோடொன்று குறிப்பிட்ட விகிதத்தில் பொருந்தி வேலை செய்பவை.

அதனால்தான் 33 குரோமோஸோம்களுள்ள வாழை திடமாக வளர்கிறது. காட்டு வாழைக்கு 22. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் முதலியவற்றில் முழுத் தொகுதி ஒன்று கூடியிருக்கிறது. செடிக்குக் கேடில்லை, ஆனால் மூன்று மூன்றாக நிற்கும் குரோமோஸோம்கள் மகரந்தமும் சூலும் உண்டாகும்போது சமமாகப் பிரிய வழியில்லை. அதன் பயனாக விதை பிடிப்பதில்லை. விதையில்லாத் தர்ப்பூசணியும் இவ்வகையே. ஜப்பானியரான கிஹாரா 44 உள்ள தாயையும் 22 உள்ள தந்தையையும் சேர்த்து 33 உள்ள விதையை உண்டாக்கி, 1951ஆம் வருஷத்தில் அதன் விவரத்தை வெளியிட்டார். இவ்விதையைப் பயிரிடுவோர் மூன்று நான்கு வரிசைக்கு ஒரு வரிசை சாதாரணத் தர்ப்பூசணியும் நடுதல் அவசியம். அதன் மகரந்தம் விழாவிடில் காய் பிடிக்காது.

கரும்பில் இன்னும் ஒரு படி மேல். தடித்த இனிப்புக் கரும்புக்கு 80 குரோமோஸோம். கோயம்புத்தூரில் விளையும் பேய்க்கரும்புக்கு 64. 1912ஆம் வருஷத்தில் கோயம்புத்தூரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் இவ்விரு இனங்களையும் கலந்து, கோ. 205 என்னும் கரும்பை 1918ஆம் வருஷத்தில் வெளியிட்டது யாவரும் அறிந்ததே. இத்தகைய கலப்பில் தாய்க்கரும்பு தன் பாதியைத் தராமல் 80ஐயும் தந்துவிடுகிறது; பேய்க்கரும்பு 32 தருகிறது; மொத்தம் 112. இன்றைய கரும்புகளில் 100 முதல் 130 வரை குரோமோஸோம்கள் இருக்கின்றன. ஒரு ரகத்துக்கும் மற்றொன்றுக்கும் தொகை ஒத்திராது. ஊமத்தையில் ஒன்று கூடியதால் நேர்ந்த கோலம் கரும்பில் நேர்வதில்லை. இரண்டு பங்காளிகள் உள்ள நிலத்தில் மூன்றாமவன் வந்தால் வழக்கு. பத்துப் பங்காளிகள் உள்ள நிலத்தில் பதினோராமவன் வருவது பெரிய காரியமன்று.

பிராணிகளுக்கு இந்தத் தாராளம் இல்லை. மனிதரில் 21ஆவது குரோமோஸோம் மூன்றாவதே குழந்தையின் மனவளர்ச்சி குன்றும் ஒருவகை நிலைக்குக் காரணம் என்று 1959ஆம் வருஷத்தில் பிரான்ஸில் லெஜூன் முதலியோர் கண்டனர். 21ஆவது மிகச் சிறியது. அதைவிடப் பெரியவற்றில் ஒன்று கூடினால் பெரும்பாலும் கருவே நிலைப்பதில்லை. கால்நடைகளில் இவ்வுண்மை மறைமுகமாக நஷ்டம் விளைவிக்கும் விதம் 1964ஆம் வருஷத்தில் சுவீடன் நாட்டில் குஸ்தாவ்சன் என்பவரால் வெளிப்பட்டது. அந்நாட்டுச் செவ்வெள்ளை மாடுகள் சிலவற்றில் 60க்குப் பதிலாக 59 குரோமோஸோம்களே இருந்தன. முதலாவது குரோமோஸோமும் 29ஆவதும் ஒட்டிக்கொண்டு ஒன்றாய்ப் போனதே காரணம். ஏடு எதுவும் தொலையவில்லை. இரண்டு கட்டுகள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன, அவ்வளவே. ஆகவே மாட்டின் உடலிலோ வளர்ச்சியிலோ ஒரு குறையும் காணப்படவில்லை. எருமைகளிலும் இதற்கு ஒப்பானது உண்டு. முர்ரா போன்ற ஆற்றெருமைக்கு 50, கிழக்காசியச் சேற்றெருமைக்கு 48. கலப்பில் பிறந்த கன்று 49 உடையதாயினும் திடமாகவே இருக்கிறது.

குறை தோன்றுவது அடுத்த தலைமுறையில். ஒட்டுண்ட குரோமோஸோமுள்ள காளையின் விந்தணுக்களில் சில, பிரிவினை பிசகி, 29ஆவதோ முதலாவதோ ஒன்று கூடியும் குறைந்தும் வெளிப்படுகின்றன. அவற்றால் உண்டாகும் கரு சில வாரங்களில் அழிகிறது. பசு சினையென்று எண்ணியிருக்கும்போது, நாள் கடந்து மறுபடியும் பருவத்துக்கு வருகிறது. ஒரு பசுவை வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. நூறு பசுக்களுக்குச் சுமார் ஐந்து முதல் பத்து வரை சினைப்பிடிப்புக் குறைவதே இதனால் விளையும் நஷ்டம். ஆனால் செயற்கைக் கருவூட்டலில் ஒரே காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குச் செல்வதால் நஷ்டம் அத்தனை வீடுகளுக்கும் பங்கிடப்படுகிறது. போதாக்குறைக்கு, ஒட்டுண்ட குரோமோஸோம் நல்ல கன்றுகளில் பாதிக்கு இறங்குகிறது.

இக்காரணத்தால் விந்து நிலையங்களில் பொலிகாளையைச் சேர்க்குமுன் அதன் இரத்தத்தை எடுத்துக் குரோமோஸோம்களை எண்ணிப் பார்ப்பது வழக்கமாயிருக்கிறது. கிராமத்தில் பொதுவுக்கு விடப்படும் காளைக்கு இப்பரிசோதனை பெரும்பாலும் நடப்பதில்லை. திடகாத்திரமும் நல்ல வம்சமும் உள்ள காளையாயிருந்தும், அதனிடம் விட்ட பசுக்களில் பல, 21 நாளில் திரும்பாமல் ஐந்தாறு வாரம் கழித்துத் திரும்புமானால், முதலில் தொற்று நோய்களுக்கும் தீனிக் குறைவுக்கும் சோதனை செய்விக்க வேண்டும். அவை இல்லையென்று தெரிந்தபின், கால்நடை வைத்தியர் மூலம் காளையின் இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவது தகும். இதற்குப் பசுவின் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் விட்ட நாளையும் திரும்பிய நாளையும் குறித்து வைத்திருத்தல் இன்றியமையாதது. கிராம உத்தியோகஸ்தர்கள் காளை வைத்திருப்பவரிடம் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.